ஒட்டினது எது, நகர்றது எது

கொஞ்சம் நீளமான இழை. மருத்துவம் பாதி, கம்ப்யூட்டர்ல படம் வரையற கேட் சாஃப்ட்வேர் மீதி. எலும்பு டாக்டருக்கு அங்க என்ன வேலைன்னு கேக்கறவங்க பொறுமையா கீழ வரை வாங்க. அந்தக் குடும்பத்தோட அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாத அளவுக்கு மாத்தித்தான் எழுதறேன்.

பதினாலு வயசுப் பொண்ணு. ஒன்பதாம் வகுப்பு. ஓ.பி.யில வந்து உக்காந்தப்ப இடது கை முழுக்க துப்பட்டாவுக்குள்ள இருந்துச்சு. ஆறு வயசுல கொய்யா மரத்துல இருந்து விழுந்து முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்சிருக்கு. ஊர்ல எண்ணெய்க் கட்டு போட்டிருக்காங்க. எலும்பு ஒட்டிருச்சு. ஆனா கோணலா ஒட்டிருச்சு.

நீங்க நேரா நின்னு, உள்ளங்கை முன்னால தெரியற மாதிரி கையத் தொங்க விட்டுப் பாருங்க. முழங்கைக்குக் கீழ இருக்கற பகுதி உடம்ப விட்டுக் கொஞ்சம் வெளிய விலகி இருக்கும். குடம் தூக்கினா இடுப்புல இடிக்காம இருக்க அதுதான் உதவுது. பெரும்பாலானவங்களுக்கு 5-ல இருந்து 15 டிகிரி வரைக்கும். இந்தப் பொண்ணுக்கு அது எதிர்ப் பக்கமா, உள்நோக்கி 18 டிகிரி வளைஞ்சிருந்துச்சு. பழைய துப்பாக்கியோட கட்டை மாதிரி இருக்கறதால இதுக்கு ‘கன்ஸ்டாக்’ கோணல்னே பேரு. பாடப் பேரு க்யூபிடஸ் வேரஸ்.

கை நல்லா மடங்குது, நீட்ட முடியுது, எழுத முடியுது. அதனால நிறைய டாக்டர்கள் "அழகுப் பிரச்சனைதான், விட்டுடுங்க"ன்னு சொல்லி அனுப்பிருவோம். நானும் சொல்லியிருக்கேன். ஆனா வருஷங்கள் போனப்புறம் சிலருக்கு அல்நார் நரம்பு இழுபட்டு சுண்டுவிரல் மரத்துப் போகறது, முழங்கை மூட்டு தளர்ந்து போறது எல்லாம் வரும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "டிரில் கிளாஸ்ல ரெண்டு கையும் முன்னால நீட்டச் சொல்லுவாங்க சார், நான் அன்னைக்கு லீவ் போட்டுருவேன்"னு அவ சொன்னது. அதுக்கு மேல அழகுப் பிரச்சனைன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சிகிச்சை என்னன்னா, கோணலா ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல எலும்ப வெட்டி, வெளிப்பக்கமா ஒரு ஆப்பு மாதிரித் துண்டை எடுத்துட்டு, இடைவெளிய மூடி, பிளேட் போடறது. எவ்வளவு பெரிய ஆப்பு? அவளோட 18 டிகிரி கோணலும், நல்ல வலது கையில இருந்த 10 டிகிரியும் சேர்த்து 28. எக்ஸ்ரே மேல பென்சிலும் கோணமானியும் வச்சு எத்தனையோ பேர் இதை அருமையா செஞ்சிருக்காங்க. இப்பவும் பெரும்பாலான கேஸுக்கு அதுவே போதும்னுதான் நினைக்கறேன்.

இவளுக்குச் சிக்கல் என்னன்னா, சி.டி.ல பாத்தா எலும்பு பக்கவாட்டுல மட்டும் சாயல, தன் அச்சுல 20 டிகிரி உள்நோக்கித் திருகியும் இருந்துச்சு. எக்ஸ்ரேல திருகல் சரியாத் தெரியாது. தோள் மூட்டு பந்துக் கிண்ணம் மாதிரிச் சுழலறதால திருகலை அது ஈடு கட்டிரும், தொட வேண்டாம்னு சொல்ற கட்சியும் இருக்கு. நான் யோசிச்சு, ரெண்டையும் திருத்தறதுன்னு முடிவு பண்ணேன். இந்த முடிவு பின்னால முக்கியமாகும்.

அப்பதான் கேட்.

ரெண்டு கையையும் சி.டி. எடுத்து, ‘3டி ஸ்லைசர்’ங்கற இலவச சாஃப்ட்வேர்ல எலும்ப மட்டும் பிரிச்செடுத்தேன். முதல் முயற்சியிலேயே அவமானம். மேல்கை எலும்பும் முன்கை எலும்பும் மூட்டுல ரொம்ப நெருக்கமா இருக்கும்ல, சாஃப்ட்வேர் ரெண்டையும் ஒரே கட்டியா எடுத்துருச்சு. அசையற மூட்டை மௌஸ்லயே ஒட்டி முடிச்சுட்டேன்! மூட்டு இடைவெளியில ஒவ்வொரு ஸ்லைஸா உக்காந்து அழிச்சுப் பிரிக்க ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. அப்புறம் அந்த எஸ்.டி.எல். கோப்பை ஃபியூஷனுக்குக் கொண்டு போனா யானைக்கு வைக்கற அளவுல முழங்கை வந்து நின்னுச்சு. எஸ்.டி.எல்.ல அலகு கிடையாது, வெறும் எண்கள்தான். மில்லிமீட்டர சென்டிமீட்டர்னு எடுத்துக்கிட்டா பத்து மடங்கு.

இதெல்லாம் சரி பண்ணி, இடது எலும்பு ஒண்ணு, வலது எலும்பைக் கண்ணாடி பிம்பமாத் திருப்பினது ஒண்ணு, ரெண்டையும் தண்டுப் பகுதி பொருந்தற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வச்சேன். மேல அச்சா பொருந்துது. கீழ முழங்கைப் பக்கம் ரெண்டும் ரெண்டு ஊருக்குப் போகுது. எட்டு வருஷத்துக் கோணல் முதல் தடவையா மூணு பரிமாணத்துல தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் சும்மா திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

இங்க ஒரு சின்னப் பாடம். கேட்ல ஒரு கோப்புக்குள்ள பல திடப்பொருட்களைத் தனித்தனியா வச்சுக்கலாம். ஒவ்வொண்ணும் ஒரு ‘பாடி’. எல்லாத்துக்கும் ஒரே மூலப் புள்ளி, ஒரே வரலாறு. ஒண்ணால இன்னொண்ணை வெட்டலாம், ஒண்ணோட இன்னொண்ணைச் சேர்க்கலாம். இதுதான் மல்ட்டிபாடி பார்ட். அசெம்ப்ளி வேற. அங்க ஒவ்வொரு உறுப்புக்கும் சொந்தமா ஒரு மூலப் புள்ளி உண்டு. அதை இன்னொண்ணோட ஜாயின்ட் போட்டு இணைக்கறோம். சுதந்திரமா மிதக்கற பொருளுக்கு ஆறு வகை அசைவு: மூணு திசையில நகரும், மூணு அச்சுல சுழலும். ஜாயின்ட் போடப் போட அது குறையும்.

அடுக்கு டிபன் கேரியரை எடுத்துக்கங்க. கிண்ணத்தை ஒரு தடவை வரைஞ்சா போதும், நாலு தடவை கொண்டு வந்து அடுக்கலாம். அது அசெம்ப்ளி. ஆனா ஒரு கிண்ணமும் அதோட பிடிக்குப் பத்தவச்ச காதும் பிரிஞ்சு நகராது. அதை ரெண்டு பாடியா ஒரே பார்ட்ல வரைஞ்சு கடைசியில சேர்த்துக்கலாம்.

குழந்தைங்க முழங்கை இயற்கை வரைஞ்ச மல்ட்டிபாடி. பிறக்கும்போது அங்க முக்கால்வாசி குருத்தெலும்புதான். எக்ஸ்ரேல தெரியற மாதிரி ஆறு இடத்துல எலும்பு மொட்டு விடும். ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயசுன்னு வரிசையா. படிக்கிற காலத்துல எல்லாரும் மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும், இல்லைன்னா மொட்டை முறிவுன்னு நினைச்சுக் கட்டுப் போட்டுருவோம். வளர வளர ஒவ்வொண்ணும் அதது எலும்போட தண்டோட சேர்ந்து ஒண்ணாயிடும். இந்தப் பொண்ணு விழுந்தப்ப பாதி மொட்டு வந்திருக்கும், மீதி வரல. கோணலோடயே எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துருச்சு.

கதைக்கு வர்றேன். எனக்கு வேண்டியது ஒரு ‘கட்டிங் கைடு’. எலும்பு மேல ஒரே ஒரு இடத்துல மட்டும் கச்சிதமா உக்கார்ற சின்ன பிளாஸ்டிக் அச்சு. அதுல ரம்பம் போற ரெண்டு சந்து, கே-வயர் போற நாலு ஓட்டை. மேல் துண்டுல ரெண்டு வயர், கீழ்த் துண்டுல ரெண்டு வயர்.

இதுல ஒரு அழகான தந்திரம் இருக்கு (என் கண்டுபிடிப்பு இல்ல, உலகம் பூரா பண்றாங்க). வெட்டறதுக்கு முன்னால நாலு வயரும் கோணல்மாணலா நிக்கும். ஆப்பை எடுத்துட்டுக் கீழ்த் துண்டைத் திருப்பிட்டே வந்தா, திருத்தம் முழுசாகற அந்த இடத்துல நாலு வயரும் இணையா வந்து நிக்கும். அப்ப நாலு இணை ஓட்டை போட்ட இன்னொரு கட்டையை மேல சொருகினா எலும்பு அங்கயே பூட்டிக்கும். ஆபரேஷன் நேரத்துல கோணமானி வேண்டாம், ஊகம் வேண்டாம்.

இதைக் கேட்ல எப்படிப் போடறது? பின்னால இருந்து முன்னால. முதல்ல எலும்பைத் திருத்தின நிலையில வச்சு, அங்க இணையா நாலு வயர் வரைஞ்சு, அப்புறம் கீழ்த் துண்டை வயரோட சேர்த்துப் பழைய கோணலுக்கே திருப்பிக் கொண்டு போயி, அங்க கைடுல ஓட்டை போடணும். நான் எல்லாத்தையும் ஒரே கோப்புல பாடிகளா வச்சு, ‘மூவ்’ கட்டளையில நகர்த்தி நகர்த்தியே செஞ்சேன். மொத்தம் பதினோரு பாடி. ரெண்டு வாரம், தினம் ராத்திரி.

கோணல் எலும்பைப் பிரிண்ட் எடுத்தேன், கைடையும் எடுத்தேன். (இது வீட்டு மிஷின்ல பி.எல்.ஏ. பிளாஸ்டிக், ஒத்திகைக்கு மட்டும். பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகிடும், ஆட்டோகிளேவ்ல வச்சா அப்பளம். தியேட்டருக்குப் போறதை நைலான்ல, அதுக்குன்னே இருக்கற இடத்துல செய்யச் சொல்லி வாங்கணும்.) ராத்திரி பதினொரு மணிக்கு சமையல்கட்டு மேஜையில ஆக்ஸா பிளேடால என் முதல் ஆபரேஷன். கைடு டக்குனு உக்காந்துச்சு. வெட்டினேன். ஆப்பு வந்துச்சு. இடைவெளிய மூடினேன், நாலு வயரும் இணையா நின்னுச்சு, கட்டை வழுக்கிட்டு இறங்குச்சு. வெட்டின ரெண்டு முகமும் தலைமுடி புகாத அளவுக்குச் சேர்ந்துச்சு. வீட்டம்மாவை எழுப்பிக் காட்டினேன். அவங்க "ரொம்ப நல்லா இருக்கு, தூங்குங்க"ன்னாங்க.

போட்டோவை ஒரு தம்பிக்கு அனுப்பினேன். கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனியில டிசைனர். மணிக்கட்டு முறிஞ்சு எங்கிட்ட வந்து பழக்கமானவர். காலையில பதில்.

"சார், சூப்பர். வலது கையைத் திருப்பின எலும்பையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்துட்டீங்கல்ல?"

"எதுக்கு தம்பி? ஸ்கிரீன்ல பொருந்துதே."

"ஸ்கிரீன்ல பொருந்தினது எலும்பு சார். கையில பொருந்தினது வயரு. ரெண்டும் ஒண்ணான்னு பாக்கணும்ல?"

எனக்குப் புரியல. இருந்தாலும் எட்டு மணி நேர பிரிண்டைப் போட்டுட்டு ஆஸ்பத்திரி போயிட்டேன். சாயங்காலம் வந்து ரெண்டு எலும்பையும் தண்டு ஒரே மாதிரி இருக்கற மாதிரி மேஜையில படுக்க வச்சேன். முன்னாலிருந்து பாத்தா இரட்டைப் பிள்ளைங்க. குனிஞ்சு முழங்கைப் பக்கமிருந்து பாத்தா, ஒண்ணு நேராப் படுத்திருக்கு, இன்னொண்ணு ஒருக்களிச்சுப் படுத்திருக்கு. 28 டிகிரி சாய்வு திருந்தியிருக்கு. 20 டிகிரி திருகல் அப்படியே இருக்கு.

கீழ ஓடற டைம்லைன்ல ஒவ்வொரு கட்டமா பின்னால போயிப் பாத்தப்ப தெரிஞ்சுது. முதல் நாள் சாய்வைத் திருத்தறப்ப எலும்பு, வயர் ரெண்டையும் தேர்ந்தெடுத்து நகர்த்தியிருக்கேன். நாலு நாள் கழிச்சுத் திருகலைத் திருத்தினப்ப எலும்பை மட்டும் சொடுக்கியிருக்கேன். அதாவது எலும்புக்கு ரெண்டு திருத்தமும் தெரியும், வயருக்கு ஒண்ணுதான் தெரியும். ஸ்கிரீன்ல எலும்பு கண்ணாடி பிம்பத்தோட அச்சாப் பொருந்துது. வயர் இணையா நிக்குது. ரெண்டுமே சரிதான், ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

ஏன் சமையல்கட்டுல தெரியல? திருகலைத் திருத்தாம விட்டதாலதான் வெட்டின முகங்கள் அவ்வளவு சுத்தமா சேர்ந்துச்சு. முழங்கைக்கு மேல எலும்பு தட்டையா, அகலமா இருக்கும். நிஜமாவே 20 டிகிரி திருப்பியிருந்தா ஓரத்துல படி மாதிரி துருத்திட்டு நின்னிருக்கணும். அது இல்லாததே தப்புக்கு அடையாளம். நான் அதைப் பாத்துட்டுத்தான் பெருமைப்பட்டுத் தூங்கப் போனேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன். தியேட்டர்லயும் இதேதான் நடந்திருக்கும். கட்டை வழுக்கிட்டு இறங்கியிருக்கும், எக்ஸ்ரே அழகா இருந்திருக்கும், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டாங்க. திருகலைத் தொட வேண்டாம்னு தெரிஞ்சே விடறது ஒரு முடிவு. திருத்திட்டேன்னு நம்பிட்டு விடறது முடிவே இல்ல.

தம்பிக்கு ஃபோன் பண்ணேன். திட்டுவார்னு நினைச்சேன். சிரிச்சார்.

"எல்லாரும் முதல்ல இதான் சார் பண்ணுவோம். பாடிங்கறது கோர் மாதிரி. எங்க ஃபவுண்டரியில பம்ப் கேசிங் வார்க்கறதுக்கு உள்ள மணல் கோர் வைப்போம்ல, அது இருந்த இடம்தான் அப்புறம் தண்ணி போற வழி. ஒண்ணை வச்சு இன்னொண்ணை உருவாக்கணும்னா ஒரே பார்ட்ல பாடிகளா வச்சுக்கங்க. உங்க கைடு எலும்பு மேல இருந்து பொறக்குது, அது அங்கதான் இருக்கணும். ஆனா நிஜ வாழ்க்கையில நகர்ற பொருளை மூவ் கட்டளையால நகர்த்தாதீங்க. அது அசெம்ப்ளி. எது எதோட சேர்ந்து நகருதோ அதெல்லாம் ஒரு உறுப்பு."

கேட்டப்ப இவ்வளவு சுலபமான்னு இருந்துச்சு. எது எதோட சேர்ந்து நகரும்? கீழ்த் துண்டும் அதுல குத்தின ரெண்டு வயரும் சேர்ந்து நகரும். எலும்புல குத்தின வயர் எலும்பை விட்டு எங்க போகும்? இதை எனக்கு ஒரு இன்ஜினியர் சொல்ல வேண்டியிருந்துச்சு!

பாடிகளை உறுப்புகளா மாத்தினேன். மேல் துண்டும் அதோட வயர்களும் ஒரு குழு, அதை அசையாம ஆணி அடிச்ச மாதிரி நிறுத்தினேன். கீழ்த் துண்டும் அதோட வயர்களும் இறுக்கிக் கட்டின இன்னொரு குழு. இனிமே ஒண்ணை இழுத்தா மூணும் வரும். எலும்பை மட்டும் சொடுக்கி நகர்த்த நினைச்சாலும் முடியாது. ரெண்டு நிலை சேமிச்சேன், ‘முன்’, ‘பின்’னு. பின் நிலையில இணை ஓட்டைக் கட்டை. முன் நிலையில கைடு. கைடை மட்டும் தம்பி சொன்ன மாதிரி பாடியாவே வச்சு, முன் நிலையில இருக்கற எலும்பைக் கழிச்சு எடுத்தேன். அதை அசெம்ப்ளிக்குள்ள நகர்ற எலும்போட கோத்துவிட்டா, எலும்பு அசையறப்ப கைடோட வடிவமும் மாறி வைக்கும்னு எச்சரிச்சிருந்தார்.

ஆபரேஷனைத் தள்ளி வைக்கணும். பொண்ணோட அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? அவர் லாரி மெக்கானிக். அட்மிஷனுக்குப் பையோட வந்துட்டார், பள்ளிக்கூடத்துல லீவும் சொல்லியாச்சு.

"ஏன் சார் தள்ளிப் போடறீங்க? மருந்து இல்லையா, மயக்க டாக்டர் வரலையா?"

அதுல ஏதாவது ஒண்ணுக்குத் தலையாட்டியிருக்கலாம். கை பையிலயே இருந்துச்சு, பிளாஸ்டிக் எலும்பு ரெண்டும். எடுத்து மேஜையில வச்சு, நான் போட்ட கணக்குல ஒரு தப்பு, இப்பதான் கண்டுபிடிச்சேன், இன்னும் மூணு வாரம் வேணும்னு சொன்னேன்.

ரெண்டையும் கையில எடுத்தார். நான் சொல்லாமலே தண்டு வழியா ஒரு கண்ணை மூடிப் பாத்தார். "டைமிங் மார்க் தள்ளிப் பூட்டியிருக்கீங்க சார்"னார். "கியர் சேரும், கவர் மூடும், போல்ட்டு எல்லாம் ஏறும். வண்டி ஸ்டார்ட் கூட ஆகும். இழுக்காது." அப்புறம், "மெதுவாவே பண்ணுங்க. நானும் ஒரு தடவை பிரிச்சு மறுபடி பூட்டியிருக்கேன்"னு சொல்லிட்டுப் பையை எடுத்துக்கிட்டார்.

பொண்ணுதான் அழுதா.

மூணு வாரம் கழிச்சு செஞ்சோம். அதுக்கு முன்னால சமையல்கட்டுல ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் கண்ணாடி எலும்பு பக்கத்துல. தியேட்டர்ல கட்டை இறங்கினப்ப ஓரத்துல படி துருத்திட்டு நின்னுச்சு. ஜூனியர் பதறிட்டான், "சார், சேரலையே?" அந்தப் படியைப் பாத்து அன்னைக்கு நான் பட்ட நிம்மதி அவனுக்கு எப்படிப் புரியும். படியைக் கொஞ்சம் செதுக்கி, பிளேட்டை வளைச்சுப் போட்டோம். ரெண்டு வாரம் சுண்டுவிரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னா, அப்புறம் சரியாச்சு. மூணு மாசத்துல கை முழுசா மடங்குச்சு. நீட்டறதுல கடைசி 5 டிகிரி இன்னும் வரல, அவ கண்டுக்கல. வெளிநோக்கின கோணம் 8 டிகிரி. வலது கையில 10. இந்த ரெண்டு டிகிரி எங்க போச்சுன்னு எனக்கு மட்டும்தான் கவலை.

போன மாசம் ரிவ்யூக்கு வந்தா. துப்பட்டா தோள்ல கிடந்துச்சு. மேஜையில இருந்த கோணல் எலும்பை எடுத்து, "இது நான்தானே சார், எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டா. கண்ணாடி எலும்பு இங்கதான் இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கு இதே மாதிரி பண்ணியிருக்கேன். ரெண்டு தடவையும் மிஷின்ல முதல்ல போட்ட பிரிண்ட் கண்ணாடி எலும்புதான்.